இங்கிலாந்தில் ஃபெசன்ட் வேட்டைக்கு அழைப்பு: உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடலாமா?

கேள்வி: ஹெரிஃபோர்ட்ஷயரில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் ஆங்கிலேய நண்பர், தான் உறுப்பினராக இருக்கும் வேட்டைக் குழுவுக்கு நவம்பர் சனிக்கிழமை ஒன்றில் என்னை விருந்தாளியாக அழைத்திருக்கிறார். ஃபெசன்ட் (கோழியைப் போன்ற வேட்டைப் பறவை), கௌதாரி, கடைசியாகக் குளத்தில் வாத்து என்கிறார். என்னிடம் துப்பாக்கி உரிமம் கிடையாது. தன் இரண்டாவது ஷாட்கன்னை (சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) தருவதாகவும், நான் பக்கத்து இடத்தில் நின்றுகொண்டால் போதும் என்றும் சொல்கிறார். மழை வந்தால் மறுநாள் ஞாயிறு வைத்துக்கொள்வார்களாம். என் 14 வயது மகனும் வர வேண்டும் என்கிறான். இது சட்டப்படி சரியா? நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது சிக்கல் வருமா?
— வாசகர், இங்கிலாந்து

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் நண்பர் சொன்ன ஏற்பாட்டில் துப்பாக்கி, ஞாயிறு, வாத்து மூன்றையும் திருத்திக்கொண்டு போங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று நாம் பழகிவிட்டோம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. பருவமும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் ஃபெசன்ட் சுடுவது முழுக்கச் சட்டபூர்வமானது. வேட்டைக்கென்று தனி லைசென்ஸ் வாங்கும் முறைகூட 2007 ஆகஸ்டோடு ஒழிந்துவிட்டது. கெடுபிடி எல்லாம் துப்பாக்கியைச் சுற்றித்தான்.

காவல்துறை தரும் துப்பாக்கி உரிமமான சர்டிபிகேட் இல்லாமல் ஷாட்கன் வைத்திருப்பது 1968-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2-ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. விருந்தாளிகளுக்காக அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. 2017-இல் திருத்தி எழுதப்பட்ட 11ஏ பிரிவு அது. உங்கள் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரே பிரிவில் நிற்பதால், அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில், இரவல் தருபவர் யார்? அவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் கைக்கு வரும் அதே துப்பாக்கி அவருடைய சர்டிபிகேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மூன்றாவது நிபந்தனையில்தான் தடுக்கி விழுகிறார்கள்: அந்த நிலத்தில் வேட்டைக்கு ஆட்களை அனுமதிக்கும் உரிமை அவருக்கே இருக்க வேண்டும், இல்லையென்றால், அந்த உரிமை உள்ளவர் அவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் நண்பர் குழுவில் ஓர் உறுப்பினர்தான். வேட்டை உரிமையைப் பெரும்பாலும் குழுத் தலைவரோ நில உரிமையாளரோதான் தன் பெயரில் வைத்திருப்பார். அப்படியானால் நண்பர் வாயால் கூப்பிட்டது உங்களைக் காப்பாற்றாது. “இன்னார், இந்த நிலத்தில், விருந்தாளிகளுக்குத் துப்பாக்கி இரவல் தரலாம்” என்று உரிமை உள்ளவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். பொதுவாக எல்லா விருந்தாளிகளுக்கும் சேர்த்து ஒரே தாளாக இருந்தாலும் செல்லும். அதன் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஒழுங்காக நடக்கும் குழுவில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளிக்கிற இடத்துக்குப் போகாமலிருப்பதே நல்லது.

அடுத்தது, துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும் நேரம் முழுவதும் இரவல் தந்தவர் உடனிருக்க வேண்டும். இல்லையெனில் சர்டிபிகேட் உள்ள, 18 வயது நிறைந்த, வேட்டைக்கு ஆட்களை அனுமதிக்கும் உரிமையோ எழுத்து மூல அதிகாரமோ உள்ள இன்னொருவர் இருக்க வேண்டும். உடனிருத்தல் என்றால் எத்தனை அடி தூரம் என்று சட்டம் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும், குரல் கேட்கும் தூரம் என்பது உள்துறை அலுவலக வழிகாட்டியின் விளக்கம். இப்போது நண்பரின் திட்டத்தைப் பாருங்கள். நிற்கும் இடத்தைக் குறிக்கும் பெக்குகளுக்கு இடையே நாற்பது கஜம் இருக்கும். இருவர் காதிலும் ஒலித்தடுப்பான் மாட்டியிருக்கும். அவர் கண் வானத்தில் இருக்கும். இதை உடனிருத்தல் என்று நீதிமன்றத்தில் வாதாடும் நிலைக்கு என் கட்சிக்காரர் போவதை நான் விரும்ப மாட்டேன். ஒரே பெக்கை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் சுடும்போது அவர் தன் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கட்டும். அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளலாம். புதியவருக்கு இதுதான் பத்திரம், சட்டத்துக்கும் இதுதான் சுத்தம்.

இந்த விலக்கு அந்தத் தனியார் நிலத்துக்குள் மட்டுமே செல்லும். நண்பர், “வண்டியில் வைத்துக்கொள், அடுத்த வயலில் பார்க்கலாம்” என்று துப்பாக்கியை உங்கள் காரில் போட்டு, நீங்கள் ஊர்ச் சாலையில் தனியாக ஓட்டிப் போனால், அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர். துப்பாக்கி எப்போதும் அவர் வண்டியில், அவர் பொறுப்பில்தான் போக வேண்டும். தோட்டாவையும் அவரே வாங்கி வரட்டும். சர்டிபிகேட் காட்டாமல் கடையில் உங்களுக்குத் தர மாட்டார்கள்.

பொதுச் சாலையும் நடைபாதையும் தனி விஷயம். பொது இடத்தில் தக்க காரணமின்றிக் குண்டு போட்ட ஷாட்கன்னோடு இருப்பது ஆயுதச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி கடுங்குற்றம். ஏழு ஆண்டு வரை போகும். ஆகவே பாதையைக் கடக்கும் முன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரு குழலும் காலி என்று பார்த்து, உறையில் போட்டுவிடுங்கள். வாகனங்கள் செல்லும் சாலையின் மையத்திலிருந்து 50 அடிக்குள் சுட்டு, அதனால் சாலையில் செல்பவருக்குக் காயமோ ஆபத்தோ இடையூறோ நேர்ந்தால் 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். நடைபாதைக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. ஆனால் நாயோடு நடப்பவர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால், அவர் கடந்து போகும்வரை துப்பாக்கி மௌனமாக இருக்க வேண்டும். பாதை அவருடைய உரிமை.

ஞாயிற்றுக்கிழமை யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். 1831-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இங்கிலாந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஞாயிறன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் ஃபெசன்ட், கௌதாரி, க்ரவுஸ் என்னும் காட்டுப் பறவை, ஹேர் என்னும் பெரிய காட்டு முயல் எதையும் வேட்டையாடக் கூடாது. வானில் எறியும் களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடுவதற்கு இந்தத் தடை இல்லை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு என்பதால், அங்குள்ள அனுபவத்தை வைத்து யாராவது உறுதி சொன்னால் ஏற்காதீர்கள். பருவத்தைப் பொறுத்தவரை நவம்பரில் கவலையில்லை. ஃபெசன்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, கௌதாரிக்கு செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, குளத்து வாத்துக்கு செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை.

வாத்தில்தான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 1999-இல் வந்த விதிகளின்படி இங்கிலாந்தில் எந்த இடத்திலும் வாத்தையும் காட்டு வாத்தினங்களையும் ஈய ரவையால் சுடக் கூடாது. நீர்ப்பறவைகள் சிதறிய ஈய ரவைகளைக் கல் என்று விழுங்கி, நஞ்சேறிச் சாகின்றன என்பதே காரணம். காலையில் ஃபெசன்டுக்கு ஈயத் தோட்டா போட்டவர், மாலையில் அதே தோட்டாவால் குளத்து வாத்தைச் சுட்டால் குற்றம். ஃபெசன்டைத் துரத்தும்போது குறுக்கே பறந்த வாத்தை ஈயத்தால் சுட்டாலும் இதே கதைதான். அன்று முழுவதும் ஸ்டீல் அல்லது பிஸ்மத் தோட்டா மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள். பழைய துப்பாக்கி எல்லாம் ஸ்டீலைத் தாங்காது. அந்தத் துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்று நண்பர் முன்பே துப்பாக்கிக் கடையில் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். எல்லா ஈய ரவைக்கும் மூன்று ஆண்டு அவகாசத்தோடு தடை வரும் என்று 2025 ஜூலையில் அரசு அறிவித்திருப்பதால், பல குழுக்கள் இப்போதே மாறி வருகின்றன.

தோட்டா பற்றி இன்னொன்று. 12 போர் (bore: குழலின் அளவு) துப்பாக்கிக்குள் தவறுதலாக அதைவிடச் சிறிய 20 போர் தோட்டா போனால், அது உள்ளே வழுக்கிச் சென்று, தோட்டா அறையைத் தாண்டிக் குழலில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். முன்னால் குழலைப் பிடித்திருக்கும் கை போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். உங்கள் சட்டைப் பையில் மஞ்சள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சேற்றில் வழுக்கி விழுந்தால், எழுந்ததும் இரு குழலுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மண் அடைத்தாலும் இதே விபரீதம்.

இனி நடைமுறை மரியாதைகள். இவற்றில் பாதி நாகரிகம், பாதி உயிர்ப் பாதுகாப்பு. காலையில் தலைவர் பேசும்போது எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்று சொல்வார். தரையில் ஓடும் எதையும் சுடாதே என்பது அநேகமாக எங்கும் உண்டு. பெக் எண்ணுக்குச் சீட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வழக்கமாக இரண்டிரண்டு எண் தள்ளி நிற்க வேண்டும். புதரைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பும் ஆட்கள் உங்களை நோக்கித்தான் நடந்து வருகிறார்கள் என்பதை ஒரு கணமும் மறக்காதீர்கள். அவர்கள் நெருங்கியதும் முதல் ஊதல் வரும். அதன் பின் முன்பக்கம் சுடுவதில்லை. கடைசி ஊதலோடு குண்டை எடுத்துவிட வேண்டும். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். மரமோ வேலியோ தெரிந்தால் அங்கே ஆள் இருக்கலாம். துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டே, சுடுபவர்கள் நிற்கும் வரிசைக்குக் குறுக்கே திரும்புவதைப் போல் பெரிய தவறு அந்த வயலில் வேறில்லை. அதற்கு அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும். பக்கத்து பெக்கில் நிற்பவர் தலைக்கு மேல் போவது அவர் பறவை. காயம்பட்டு விழுந்ததைப் பார்த்தால் இடத்தைக் குறித்துவைத்து, விழுந்த பறவைகளை நாயை விட்டு எடுத்துவரும் ஆளிடம் உடனே சொல்லுங்கள். அதைத் தேடாமல் விடுவது கொடுமை. அது அடுத்தவர் நிலத்தில் விழுந்தால் துப்பாக்கியோடு வேலி தாண்டாதீர்கள். அனுமதியில்லாத நிலத்தில் ஆயுதத்தோடு நுழைவது ஆயுதச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். காலித் தோட்டாக்களை நீங்களே பொறுக்குங்கள். கிளம்பும்போது, வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் கேம்கீப்பருக்கு நேரில் நன்றி சொல்லி அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். எவ்வளவு என்று நண்பரிடம் காலையிலேயே கேளுங்கள். கேம்கீப்பர் தரும் ஒரு ஜோடிப் பறவையை மறுக்காதீர்கள். சாப்பிடாவிட்டால் சாப்பிடுபவருக்குக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டில் மது ஊற்றுவார்கள். குடிபோதையில் குண்டு போட்ட துப்பாக்கியோடு இருப்பது 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் குற்றம். சுடுவது முடியும்வரை தண்ணீரோடு நில்லுங்கள்.

மகன் வரலாம். 15 வயதுக்குக் கீழ் இருப்பவர், 21 வயது நிறைந்தவரின் நேரடி மேற்பார்வையில் ஷாட்கன் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 11ஏ நிபந்தனைகளும் அவனுக்குப் பொருந்த வேண்டும். ஆனால் தந்தையே முதல்முறை சுடும் நாளில் மகன் கையிலும் துப்பாக்கி வேண்டாம். புதர் தட்டும் ஆட்களோடு அனுப்புங்கள். சிறுவர்களுக்கு அதுதான் அதிகக் கொண்டாட்டம். நீங்களும் அதற்கு முன், காவல்துறை அனுமதி பெற்ற களிமண் தட்டு மைதானம் ஒன்றில் பயிற்சியாளரிடம் சில வகுப்பு எடுங்கள். அங்கே சர்டிபிகேட் இல்லாமல் சுட ஆயுதச் சட்டத்தின் 11-ஆம் பிரிவே வழி செய்கிறது.

விசா விஷயம்: 11ஏ பிரிவுக்குள் நின்று ஒரு நாள் சுட்டதை நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தில் எங்கும் எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியது முக்கியமாகத் தண்டனைகள், போலீஸ் எச்சரிக்கைகள் போன்றவற்றைத்தான்; ஆயுதக் குற்றம் என்றால் சிறியதும் பெரிதாகப் பார்க்கப்படும். முன்பு எப்போதாவது மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றிருந்தால், ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுத் தடை உங்களுக்கு இருக்கக்கூடும்; அப்போது இரவல் துப்பாக்கியையும் தொடக் கூடாது. அப்படி ஏதுமில்லை என்றால், நண்பரிடம் இந்த வாரமே மூன்று கேளுங்கள்: எழுத்து மூல அதிகாரத்தின் நகல், அந்தத் துப்பாக்கி பதிவாகியிருக்கும் சர்டிபிகேட் பக்கம், குழுவின் காப்பீடு விருந்தாளிக்கும் பொருந்தும் என்ற உறுதி. மூன்றும் கைக்கு வந்த பின் வருவதாகச் சொல்லுங்கள்.