விற்காத காமிக்ஸ் மீது வாங்கிய கடன்

கேள்வி: என் அப்பா சேர்த்து வைத்த பழைய பிரெஞ்சுக் காமிக்ஸ் புத்தகங்கள் ஏறக்குறைய 640 மொரீஷியஸின் கியூர்பிப் நகரில் உள்ள எங்கள் வீட்டில் இருக்கின்றன. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா என்னோடு இருக்கிறார். தங்கை பக்கத்துத் தீவான ரெயுனியனில், தம்பி ரோஸ் ஹில்லில். பழம்பொருள்களில் ஆர்வமுள்ள உறவுக்காரப் பையன் ஒருவன் இவற்றுக்கு 12 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்றான். அதை நம்பி, ஆறு மாதங்களுக்கு முன் 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு 250,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். மாதத் தவணை 8,300. தம்பி தன் பங்கை முன்கூட்டியே கேட்டதால் 120,000 கொடுத்தேன். கண்ணாடி அலமாரிக்கு 45,000 ஆயிற்று. மீதி 85,000, புத்தகங்களை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரமதிப்பீடு செய்து பிளாஸ்டிக் உறையில் அடைத்து வாங்குவதற்காக வங்கியில் இருக்கிறது. இப்போது தம்பி மேலும் 60,000 கேட்கிறான். கடனைச் சற்றுக் கூட்டி வாங்கலாமா? விற்பனைக்குமுன் வேறு என்ன செய்ய வேண்டும்? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: கூட்டி வாங்க வேண்டாம். காமிக்ஸ் விற்பது பற்றித்தான் முதன்மையாகக் கேட்கிறீர்கள் என்று தொடங்கும்போது நினைத்தேன். கடிதத்தைப் படித்து முடித்ததும், உங்களை நோகடிப்பது காமிக்ஸ் அல்ல, இன்னும் கைக்கு வராத பணத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பழக்கம் என்று தெரிந்தது. கருவுற்றிருக்கும் பசு கன்று ஈனுவதற்குள் பாலுக்கு விலை பேசுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. நீங்களோ ஒரு படி மேலே போய், அந்தப் பாலை விற்ற காசைத் தம்பிக்குக் கொடுத்து, அதற்கு மாதாமாதம் வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 12 லட்சத்தைப் பார்ப்போம். 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் டின்டின் ஒன்று 32 லட்சம் யூரோவுக்குப் போன செய்தியை அந்தப் பையன் உங்களிடம் காட்டியிருப்பான் என்றே நினைக்கிறேன். அங்கே விற்றது புத்தகம் அல்ல. ‘நீலத் தாமரை’ கதையின் அட்டைக்காக 1936இல் டின்டினைப் படைத்த ஓவியர் எர்ஜே தம் கையால் வரைந்த மூல ஓவியம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஆதாரமாகப் பெரா, தெனி, மெல்லோ மூவரும் தொகுத்து 1979 முதல் வெளிவரும் பி.டி.எம். விலைப்பட்டியலை அவன் பார்த்திருக்கலாம். அந்தப் பட்டியலின் விலைகள் மிக நல்ல நிலையில் உள்ள பிரதிகளுக்கு உரியவை. முதற்பதிப்புக்கு எதிரே உள்ள பெரிய எண்ணை எடுத்து வீட்டில் உள்ள எல்லாவற்றோடும் பெருக்குவது அதை எழுதியவர்கள் கனவிலும் கருதாத காரியம்.

டின்டின் புத்தகங்களில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளே அச்சிட்டிருக்கும் உரிமை ஆண்டு பெரும்பாலும் கதை முதலில் வந்த ஆண்டாகவே நின்றுவிடும். மறுபதிப்பு முப்பது ஆண்டு கழித்து வந்திருந்தாலும் அந்த எண் மாறாது. ஆகவே பின்னட்டையைத் திருப்பி, அங்குள்ள புத்தக வரிசையின் கடைசிப் பெயரைப் பாருங்கள். சிட்னி விமானம் 714 பற்றிய கதை அதில் இருந்தால் அந்தப் பிரதி 1968க்கு முந்தியதாக இருக்க முடியாது. பிக்காரோக்கள் கதையும் இருந்தால் 1976க்கு முந்தியதல்ல. நீங்கள் அனுப்பிய 62 பின்னட்டைப் படங்களில் 58இல் இவ்விரண்டில் ஒன்றாவது தெளிவாகத் தெரிகிறது. மீதி நான்கின் முதுகுப் பட்டை துணியால் ஆனது; அது பழைய பதிப்பின் அடையாளமாக இருக்கலாம். அவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, அமெரிக்க சூப்பர்ஹீரோ கதைகளைப் பிரெஞ்சில் தந்த ‘ஸ்ட்ரேஞ்ச்’ இதழ்கள். பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து லுக் நிறுவனம் 1970 ஜனவரியில் தொடங்கிய இந்த மாத இதழின் தொடக்க எண்களுக்குத்தான் வாங்குவோர் போட்டி போடுவார்கள். விற்காமல் திரும்பி வந்த இதழ்களை அந்த நிறுவனமே மூன்று மூன்றாகச் சேர்த்துப் புது அட்டை போட்டு விற்றதும் உண்டு. அப்படிக் கட்டியவை உங்கள் பெட்டியில் இருந்தால் அவற்றைத் தனி இதழ்களாக எண்ணக் கூடாது. இதழோடு வந்த போஸ்டர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். என்னிடமும் இவை இருந்தன; போஸ்டர்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, அட்டையில் நீல மசியால் என் பெயரையும் வகுப்பையும் எழுதி வைத்த பெருமகன் நான்தான். பின்னாளில் வியாபாரி ஒருவர் அவற்றைப் புரட்டிப் பார்த்து, ஒன்றுக்கு ஒரு யூரோ என்றபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

தபாஜியில், அதாவது பெட்டிக்கடையில், அப்பா வாரந்தோறும் வாங்கிய கையடக்க இதழ்கள், அதாவது பிளெக், செம்ப்லா, அக்கிம், தமிழ் வாசகர்களும் நன்கறிந்த டெக்ஸ் வில்லர் வந்த ‘ரோதேயோ’ ஆகியவை, மலிவுத் தாளில் ஏராளமாக அச்சானவை. அவற்றின் மதிப்பு பெரும்பாலும் நம் நினைவில்தான் இருக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு யூரோவுக்கு 50 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் படங்களைப் பார்த்து நான் போட்ட ஊகம். மறுபதிப்பு 58 புத்தகம், ஒன்றுக்கு நான்கு யூரோ என்றால் 11,600 ரூபாய். துணி முதுகுள்ள நான்கும், உள்பக்கங்கள் முழுமையாக இருந்தால், ஒன்றுக்கு 150 யூரோ வீதம் 30,000. ‘ஸ்ட்ரேஞ்ச்’ 190இல் தொடக்க எண்கள் இருபது, 40 யூரோ வீதம் 40,000. மற்ற 170, மூன்று யூரோ வீதம் 25,500. கையடக்க இதழ் 388, ஒரு யூரோ வீதம் 19,400. ஆகமொத்தம் 126,500. கமிஷன், தபால், பொதி எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஒரு லட்சத்துச் சொச்சம். என் ஊகம் பாதிக்குப் பாதி குறைவு என்றே கொள்ளுங்கள். இரட்டித்தாலும் இரண்டு லட்சம்தான். ஆறு தவணை கட்டிய பிறகும் வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய அசல் ஏறக்குறைய 214,000.

இந்த ஒரு லட்சத்தை அம்மாவும் பிள்ளைகள் மூவருமாக நான்கு பங்கு போட்டால் ஆளுக்கு 25,000. சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்பதைச் சொத்துப் பத்திரங்களைக் கவனிக்கும் நோத்தேர்தான் சொல்ல வேண்டும். இங்கே நான் கணக்குக்காக நான்கு என்கிறேன். தம்பி தன் பங்கைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கை ஏற்கனவே வாங்கிவிட்டார். அவர் இப்போது கேட்கும் 60,000 அவருடைய பங்கிலிருந்து வராது. உங்கள் சம்பளத்திலிருந்துதான் வரும். தம்பியிடம் கடுமையாகப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 120,000 ரூபாய் என்பது உங்கள் கடனில் பாதிக்குச் சற்றே குறைவு. எனவே தவணையில் மாதம் 4,000 அவருடையது என்று சொல்லுங்கள். பெரும்பாலும், அந்தப் பேச்சுக்குப் பின் 60,000 பற்றிய பேச்சு எழாது.

கணக்கில் தூங்கும் 85,000ஐ இந்த வாரமே கடனில் திருப்பிக் கட்டுங்கள். சேமிப்புக் கணக்கில் மூன்று சதவீதம் கிடைக்கிறது என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 2,550 ரூபாய்; அதே தொகைக்குக் கடன் பக்கம் நீங்கள் கட்டும் வட்டி 10,200. அதைக் கட்டிவிட்டால் அசல் 129,000 ஆகும். தவணையைக் குறைக்கச் சொல்லாமல் அதே 8,300ஐத் தொடர்ந்து கட்டினால் முப்பது மாதம் பதினேழு மாதமாகச் சுருங்கும். மிச்சம் ஏறக்குறைய 23,000. முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் வட்டி மட்டுமல்ல. வியாபாரி உங்கள் வீட்டுக்கு வந்து உட்காரும்போது, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய தவணையும் அவர் பக்கத்தில் வந்து உட்காரும். அவர் அந்த நான்கு துணி முதுகுப் புத்தகங்களையும் இருபது ‘ஸ்ட்ரேஞ்ச்’ இதழ்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பார். தவணை நெருக்குவதால் நீங்களும் சரி என்பீர்கள். பிறகு 600 மலிவுப் புத்தகங்களோடு நிற்பது நீங்கள். பொறுத்திருந்து பேரம் பேச முடிகிறவருக்குத்தான் பழம்பொருளில் விலை உண்டு.

பிளாஸ்டிக் உறைத் திட்டத்தைக் கைவிடுங்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு உறையில் அடைக்கும் அந்த வழக்கம் அமெரிக்கக் காமிக்ஸ் சந்தையில் வளர்ந்தது. பிரெஞ்சுப் புத்தகம் வாங்குகிறவர் பின்னட்டையையும் உள்பக்கங்களையும் தம் கையால் புரட்டிப் பார்க்க விரும்புவார். நான்கு யூரோ புத்தகத்தைக் கடல் கடத்தி அனுப்பி, மதிப்பெண் வாங்கி வரச் செய்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அட்டைகளைப் படமெடுத்து இணையத்தில் ‘டிஜிட்டல் டோக்கன்’ ஆக விற்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். புத்தகம் உங்களுடையது, படத்தின் உரிமை உங்களுடையது அல்ல. டின்டின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுப்பதில் சோம்பல் காட்டுகிறவர்களும் அல்லர்.

1998இல் நம் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டதும், நம்மவர்கள் கொதித்தெழுந்ததும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். என் தாய்மாமன் அவற்றில் ஒரு கட்டை, கோடி பெறும் என்று இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார். எல்லோரும் அப்படியே பூட்டி வைத்ததால் அவர் வீட்டில் இன்றும் அந்தக் கட்டு இருக்கிறது.

விற்பனைக்கான ஆயத்தம் பெரும்பாலும் செய்யாமல் இருப்பதில்தான் இருக்கிறது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், அட்டையை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கியூர்பிப் ஈரத்தில் கண்ணாடி அலமாரி புழுக்கத்தை உள்ளேயே வைத்திருக்கும். நடுப்பக்கத்தைப் பிரித்து, ஸ்டேபிள் கம்பியைச் சுற்றிப் பழுப்பாகத் துரு இறங்கியிருக்கிறதா, முதுகில் இராமபாணப் பூச்சி அரித்த சிறு தடங்கள் உண்டா என்று பாருங்கள். அலமாரியை இப்போதே, புதிதாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள்; கிடைப்பது 25,000 என்றாலும் அது மூன்று தவணை. புத்தகங்களைக் காற்றோட்டமுள்ள அறையில் மர அடுக்கில் நிறுத்தி வைத்தால் போதும்.

பள்ளி நோட்டு ஒன்றில் பெயர், எண், பின்னட்டையின் கடைசித் தலைப்பு, குறை ஆகியவற்றை எழுதுங்கள். விலை வேண்டுமானால், இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். தேறும் இருபத்துநான்கை மட்டும் பிரான்ஸுக்கு அனுப்பிக் கேளுங்கள். அங்கே புத்தகத்துக்கு 5.5 சதவீத வரி உண்டு என்பதை வாங்குகிறவரிடம் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். மற்றவை தீவுக்குள்ளேயே மொத்தமாகப் போகட்டும். இங்கே மூலதன ஆதாய வரி இல்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

தைப்பூசக் காவடி விடுமுறைக்குத் தங்கை வருவார் அல்லவா? அதற்குள் அந்த நோட்டு முடிந்திருக்கட்டும். பொதுச் சொத்தை ஒருவர் மட்டும் விற்க முடியாது; அம்மாவையும் வைத்துக்கொண்டு நால்வரும் பட்டியலில் கையெழுத்திடுங்கள். அதே தாளில், தம்பியின் பெயருக்கு எதிரே, அவர் பெற்றுக்கொண்ட 120,000 என்பதையும் அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். அம்மா தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பும் புத்தகங்களை விலை பேசுவதற்குமுன் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மாதங்கள் புயல் காலம் என்பதால், அதுவரை பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள்.