முடி உதிர்வு சிகிச்சையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

"மூன்றே மாதத்தில் பழைய அடர்த்தி" என்று ஒரு கிளினிக் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

முதலில் எந்த வகை உதிர்வு என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். டெங்கு, டைபாய்டு, பிரசவம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானே நின்றுவிடும். அதற்குப் பெரிய பேக்கேஜ் வாங்குவது தண்டச் செலவு.

பரம்பரை வழுக்கை வேறு கதை. அதற்கு நன்கு சோதிக்கப்பட்ட மருந்து மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரை அது. முடி முளைப்பது பக்கவிளைவாகத்தான் தெரியவந்தது. தலையில் தடவும் மருந்தாக அதைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடக்கூடும். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் உண்டா இல்லையா என்பதை நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும். பிறகு நிறுத்தினால், வந்ததும் சில மாதங்களில் போய்விடும். ஆண்களுக்குத் தரும் ஃபினாஸ்டரைடும் அப்படித்தான். அதன் பாலியல் பக்கவிளைவுகளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இருப்பதைக் காப்பாற்றினாலே வெற்றி என்பேன். வழவழப்பாகிவிட்ட இடத்தில் மருந்து அதிகம் சாதிக்காது.

முடி நடவு செய்தாலும் நட்ட முடி முதலில் உதிர்ந்து, பிறகே முளைக்கும். முழுத் தோற்றத்துக்கு ஓராண்டு ஆகலாம். எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். கிளினிக் காட்டும் படங்களை நம்பி இருக்க வேண்டியதில்லை.