நாமே ஒரு சிறு மரப்படகு கட்டிப் பாய் விரித்து ஓட்டுவதில் அப்படி என்ன மகிழ்ச்சி?

என் படகு தண்ணீரில் இறங்கி இரண்டு கோடைகள் ஆகின்றன. இன்னும் கரையில் நின்று அதைப் பார்க்கும்போது, என் கையால் ஆனதா என்று மனம் பூரிக்கிறது.

நான் இருப்பது இங்கிலாந்தின் நார்ஃபோக்கில். கட்டியது ‘மிரர்’ வகைப் படகு. பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவு, சுமார் 45 கிலோ. 1960களின் தொடக்கத்தில் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவில் வந்தது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதுவரை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக இருந்த பாய்ப்படகு, 63 பவுண்டு 11 ஷில்லிங்குக்குப் பலகைகளாகப் பெட்டியில் வந்து இறங்கியது. இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் படகைத் தைக்க வேண்டும். பிளைவுட் பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, செம்புக் கம்பியைக் கோத்து முறுக்க வேண்டும். காலையில் தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள், முறுக்க முறுக்க வளைந்து எழுந்து, மாலைக்குள் படகாகிவிடும். அந்த ஒரு நாளுக்காகவே இன்னொரு படகு கட்டுவேன். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலாப் படகுகளும் தைத்தவைதான். தென்னை நார்க்கயிறு என்பதால் அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். முதல் கம்பியை முறுக்கியபோது அவற்றைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு கண்ணாடியிழை நாடாவும் எபாக்சி என்னும் பிசினும் வைத்து மூட்டுகளை அடைக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் பூசிய எபாக்சி பத்து நாளாகியும் பிசுபிசுத்தது. சுரண்டி எடுத்துவிட்டு ஏப்ரல் வரை காத்திருந்தேன். நீங்கள் கட்டினால் இந்த வேலையை வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மரைன் பிளைவுட்டே வாங்குங்கள்.

முதன்முதலாக இறக்கியது ஹிக்லிங் பிராட் ஏரியில். நாணல் சூழ்ந்த, ஆழமில்லாத, பெரிய நீர்ப்பரப்பு. பாய்மரக் கம்பம் குட்டை; பாயைத் தாங்கும் கட்டையான ‘பருமல்’ என்பதை மேலே இழுத்துக் கட்டியதும் சிவப்புப் பாய் சற்று நேரம் படபடத்தது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை நம் கடற்கரையில் தாமான் என்பார்கள். அதைக் கொஞ்சம் இழுத்தேன். படபடப்பு சட்டென்று நின்றது. படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நகரத் தொடங்கியது. அதுவரை தளர்ந்து கிடந்த சுக்கானில் தண்ணீரின் அழுத்தம் கைக்குத் தெரிந்தது. தட்டையான முகப்பின் அடியில் சின்ன அலைகள் தட்டும் ஓசை. எந்தப் பலகையில் தட்டுகிறது, அதன் உள்பக்கம் எத்தனை தையல் போட்டேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய படகில் இது கிடைக்காது.

முன்னால் உட்கார்ந்திருந்த மகள் குனிந்து, அடிப்பலகை மூட்டை விரலால் தடவிப் பார்த்தாள். “அப்பா, காய்ஞ்சுதான் இருக்கு” என்றாள்.