கிரேட் எட்டு முடித்தால் பியானோக் கலைஞராகிவிடலாமா?

அம்மா, உங்கள் மகள் பத்தாம் வகுப்பு. பிரித்தானியாவின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபை நடத்தும் எட்டுப் படி இசைப் பரீட்சையில் கிரேட் ஐந்து சித்தியடைந்துவிட்டாள், கச்சேரி மேடையில் பியானோ வாசிப்பதையே தொழிலாக்கப்போவதாகச் சொல்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவா, இதுவா என்று இன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை. ஆனால் வரும் மூன்று வருடத்தில் அவள் எந்த வாத்தியத்தில், யாரிடம், எப்படிப் பயில்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தெரிவு அவளுக்கு மிஞ்சும்.

முதலில் வாத்தியம். 61 கட்டைக் கீபோர்ட்டில் இனிமேலும் பழகவிடாதீர்கள். அதன் கட்டைகள் ஸ்பிரிங் போல இலேசானவை. விரலின் பாரத்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பழக்கம் வராது. பிறகு உண்மையான பியானோவுக்கு முன்னால் இருந்தால் பாதி சுரம் கேட்காது. குறைந்தது 88 பாரமான கட்டைகளும் பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். கிரேட் ஆறு வரை அது போதும். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நான்கு மணித்தியாலமாவது தந்தி பியானோவில் வாசிக்க வேண்டும். தேவாலயத்திலோ பாடசாலை மண்டபத்திலோ ஒன்று இருந்தால், பொறுப்பானவரிடம் நாளையும் நேரத்தையும் எழுதிக் கேளுங்கள்.

பழைய பியானோ வாங்குவதென்றால் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே ஏறக்குறைய 230 தந்திகள், எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 20 தொன் இழுவிசை. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். மாரியில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். கோடையில் காய்ந்து இறங்கும். அதனால் வருடத்தில் இரண்டு தடவை சுருதி சேர்க்க வேண்டும். சேர்ப்பவரைக் கொழும்பிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அவருடைய பயணச் செலவையும் கணக்கில் போடுங்கள். வாங்குமுன் மூடியைத் திறந்து, தந்தி சுற்றியிருக்கும் சுருதி முளைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சுத்தியலின் கம்பளியைப் பூச்சி அரித்திருக்கிறதா, பின்பலகையில் வெடிப்போ கறையானோ இருக்கிறதா என்று பாருங்கள். முளை தளர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், எத்தனை தடவை சேர்த்தாலும் சுருதி நிற்காது. வீட்டில் உட்சுவரோடு வையுங்கள், யன்னலோரம் வேண்டாம்.

அடுத்தது கிரேட். ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேரடிப் பரீட்சையில் மொத்தம் 150 புள்ளி: மூன்று உருப்படிக்கும் 30 படி 90, ஸ்கேல்ஸ் (சுர வரிசைகள்) 21, முன்பின் பார்க்காத நோட்ஸைப் பார்த்து வாசித்தல் 21, செவிப்பயிற்சி 18. சித்திக்கு 100 போதும். உருப்படிகளில் 72, ஸ்கேல்ஸில் 14, செவிப்பயிற்சியில் 12 எடுத்த பிள்ளை பார்த்து வாசித்தலில் வெறும் 8 எடுத்தாலும் சித்திதான். வருடம் முழுக்க மூன்றே உருப்படியை உருவேற்றி, எட்டாம் கிரேட் சான்றிதழோடு நிற்கிற பிள்ளை, புதிதாக ஒரு பக்கத்தை முன்னால் வைத்தால் தடுமாறுவது இதனால்தான். தொழிலில் சோறு போடுவது பார்த்து வாசிக்கிற அந்தத் திறமை. தினமும் 15 நிமிடம், தன் தரத்துக்கு இரண்டு கிரேட் கீழான, முன்பின் பார்க்காத பக்கங்களை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். பிழை வந்தாலும் தாளம் நிற்கக்கூடாது.

ஏன் சோறு போடும் என்கிறேன்? தனிக் கச்சேரி மட்டும் வாசித்துச் சீவிக்கிறவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். மற்றவர்கள் பாடகருக்கும் வயலினுக்கும் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள், பாலே வகுப்புக்கு வாசிக்கிறார்கள், படிப்பிக்கிறார்கள். அது இரண்டாந்தர வாழ்க்கை என்று எண்ணவேண்டாம். இலங்கையில் பிறந்த ரொஹான் டி சில்வா, வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனோடு பல்லாண்டுகளாக உலக மேடைகளில் வாசித்து வருகிறார். மகள் இதை இங்கேயே தொடங்கலாம்: வயலின் கிரேட் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பியானோ பக்கவாத்தியம் தேவைப்படும், நத்தாருக்குக் கரோல் குழுக்களுக்கும் ஆள் தேவைப்படும்.

மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கல்லூரியில் சங்கீதம் என்றால் முதன்மையாகக் கர்நாடக சங்கீதம்தான். மேடைப் பியானோவுக்கென்றால் வெளிநாட்டு இசைக் கல்லூரிதான் வழி, அங்கே ஆடிஷனே, அதாவது நேரில் வாசித்துக்காட்டும் தேர்வே, முதன்மை. வழமையாகக் கேட்பவை: பாக்கின் முன்னிசையும் ஃபியூக்கும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிற உருப்படி), ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஒருவரின் சொனாட்டா, ஷோப்பானின் எட்யூட் (விரல் திறமைக்கான உருப்படி) போல ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரிய உருப்படி ஒன்று, இருபதாம் நூற்றாண்டினது ஒன்று. பெரும்பாலும் நோட்ஸ் பார்க்காமல். இவற்றை முதிரவைக்க ஒன்றரை வருடம் பிடிக்கும். கைக்கு மிஞ்சிய உருப்படியைத் தெரிவதுதான் அதிகம் நடக்கிற பிழை. வேகத்தில் சிதறுகிற எட்யூட்டைவிட, ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்கிற ஃபியூக் மேல்.

பிரித்தானியாவில் பெரும்பாலான இசைக் கல்லூரிகளுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாக, ஒக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். உயர்தரம் எழுதிவிட்டுப் பார்ப்போம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும். ஜேர்மனியின் அரச இசைக் கல்லூரிகள் பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் மாதம் ஏறக்குறைய 1,000 யூரோப்படி ஒரு வருடத்துச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும், ஜேர்மன் மொழியும் வேண்டும். அங்கே மாமா, சித்தப்பா இருந்தால் தங்குமிடத்தைப் பற்றி இப்போதே கதையுங்கள். அமெரிக்காவின் கேர்ட்டிஸ் இசைக் கல்லூரி எடுத்த எல்லாருக்கும் படிப்புக் கட்டணத்தை விடுகிறது, எடுப்பதோ மிகச் சிலரை.

உயர்தரத்தை விடவேண்டாம். கலைப் பிரிவில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக உண்டு. அதை எடுத்தால் பயிற்சிக்கும் நேரம் மிஞ்சும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். வலியோடு வாசித்தால் கை பழகும் என்பது பொய். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷர் 1960களின் நடுவில் வலக்கை விரல்கள் சொல் கேளாமல் போய், பல பத்தாண்டுகள் இடக்கை உருப்படிகளையே வாசித்தார். 45 நிமிடத்துக்கு ஒருக்கால் 10 நிமிடம் ஓய்வு. இருக்கையின் உயரம் முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரும்படி இருக்கட்டும்.

இந்த மாதம் ஒரு வேலை: தெரிந்த உருப்படிகளில் 20 நிமிடத்தை, வெட்டி ஒட்டாமல், கைகளும் முகமும் தெரியும்படி பக்கத்திலிருந்து ஃபோனில் பதிவுசெய்யுங்கள். கிரேட் எட்டுக்கு மேலான டிப்ளோமா தரத்துக்குப் படிப்பிக்கிற, மகளை அறியாத ஒரு ஆசிரியருக்கு அனுப்பி, இரண்டு கேள்வி கேளுங்கள்: இவளை நீங்கள் எடுப்பீர்களா, முதலில் எதைத் திருத்த வேண்டும்?