மீல்மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை குறையுமா?

கேள்வி: வயது 27, எடை 70 கிலோ. கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு ஆறு மாதம் ஆகிறது. மீல்மேக்கர் சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு பெருக்கும், ஆண்மை போய்விடும் என்று ஜிம்மில் பயமுறுத்துகிறார்கள். உடம்பும் ஏற மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: பயப்படாமல் சாப்பிடுங்கள். மீல்மேக்கர் சோயாவில் செய்வது. சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் பார்ப்பதற்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சாயலில் இருக்கும். புரளி கிளம்பியது அதனால்தான். ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010-லும் 2021-லும் அலசியதில், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை. மார்பு வீங்கியதாக 2008-ல் பதிவான 60 வயதுக்காரர் தினமும் 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சோயா பால் குடித்து வந்தவர். நிறுத்தியதும் அவருக்கும் சரியாகிவிட்டது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நீச்சல் வீரர் மர்ரே ரோஸ் சைவம்தான். தட்டைப் பார்த்து ஆண்மையை எடைபோடுகிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

உடம்பு ஏறாததற்குப் பெரும்பாலும் புரதக் குறைவுதான் காரணம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு 112 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணியான சாம்பார் ஒரு கரண்டியில் 3 கிராம் தேறினாலே பெரிது. எல்லாவற்றையும் வேகவைக்கும் முன் எடைபோடுங்கள்: மீல்மேக்கர் 60 கிராமில் 31, துவரம்பருப்பு 60 கிராமில் 13, கொண்டைக்கடலை 60 கிராமில் 12, வேர்க்கடலை 40 கிராமில் 10, பொட்டுக்கடலை 40 கிராமில் 9 கிராம் புரதம் கிடைக்கும். அரிசியும் கோதுமையுமாக 300 கிராம் சேர்ந்தால் இன்னொரு 27. ஒரு டம்ளர் சோயா பாலோடு கணக்கு ஏறக்குறைய முடிந்தது.

மீல்மேக்கரை உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை குளிர்ந்த நீரில் அலசி, நன்றாகப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள். பச்சை வாடை போகும். முதல் நாளே 60 கிராம் போட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். 25 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால், மாத்திரைக்கும் சோயாவுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பாலையும் விட்டுவிட்டதால் வைட்டமின் பி12 மாத்திரை உங்களுக்குக் கட்டாயம். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்பைருலினா என்ற பாசித் தூளை நம்பி இருந்துவிடாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

கேள்வி: வயது 46, பிறவியிலிருந்தே சைவம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, தாம்பத்தியத்தில் நாட்டமும் குறைந்துவிட்டது. கறி சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: கறிக்கடைக்குப் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வது குறையும். அது குறைந்தால் நரம்பு பாதித்துப் பாதத்தில் இப்படிக் குத்தும். பால், தயிர் மட்டும் அதை ஈடுகட்டாமல் போகலாம். கட்டுப்படாத சர்க்கரை நீங்கள் சொன்ன இரண்டு தொந்தரவையும் தரும் என்பதால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள். பி12 அளவு தெரியாமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் விழுங்காதீர்கள்: ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதானால் வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாளில். மாலையில் எடுத்த ஒற்றை ரிப்போர்ட்டை நம்பி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். அது விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும்.