999 பேய்களும் ஒரு தேவகோட்டை வீடும்

கேள்வி: எனக்கு வயது 71. தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் இருக்கிறோம். மகன் குடும்பம் கலிஃபோர்னியாவில். பேரனுக்கு 12 வயது, பேத்திக்கு 9. போன ஜூலையில் மூன்று வாரம் வந்திருந்தார்கள். வெள்ளைப் பணியாரம் சுடட்டுமா என்று கேட்டால்கூட பதில் வராது, டிவி முன்னாலேயே கிடந்தார்கள். மஞ்சள் தோல் உள்ள ஒரு குடும்பம் வருகிற கார்ட்டூன். ஒரு நாள் அந்தக் குடும்பம் ஏதோ பார்க்குக்குப் போகிறது. அங்கே பொம்மைகள் ஆளை அடிக்க வருகின்றன. பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னடா என்று கேட்டதற்கு, "அது வேற ஒரு மூவி அப்பத்தா, உங்களுக்குப் புரியாது" என்றான் பேரன். பேத்தி சும்மா இருக்காமல், "இந்த வீடே ஹான்டட் மேன்ஷன் மாதிரிதான் இருக்கு" என்றாள். பேய் வீடாம்! என் மாமனாரின் அப்பச்சி கட்டிய வீடு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது என்னவென்றால், டிசம்பரில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு போகிறோம், பிள்ளையார் நோன்புக்கு வர முடியாது என்கிறான் மகன். நான் இந்தப் படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? இல்லை, அடுத்த முறை வரும்போது டிவி இணைப்பையே எடுத்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: ஆச்சி, இணைப்பை எடுக்காதீர்கள். பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. நஷ்டம் உங்கள் ராத்திரி சீரியலுக்குத்தான்.

முதலில் பேய் வீட்டு விஷயத்தைப் பேசிவிடலாம், தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. ஹான்டட் மேன்ஷன் என்பது கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969-இல் திறந்த ஒரு ரைடு. பழைய பெரிய பங்களா மாதிரி கட்டியிருக்கிறார்கள். குட்டி வண்டியில் உட்கார வைத்து உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். அங்கே 999 பேய்கள் குடியிருக்கின்றனவாம், இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று வந்தவர்களைக் கூப்பிடுவார்கள். ஒரு அறையில் சுவரில் மாட்டிய ஓவியங்கள் நம் கண் முன்னாலேயே நீண்டுகொண்டு போகும். பிள்ளைகள் பயந்து அலறுகிற இடம் இல்லை அது. வரிசையில் நின்று, வெளியே வந்து, மறுபடியும் வரிசைக்குப் போகிற இடம்.

இப்போது உங்கள் வீட்டுக்குள் ஒன்பது வயதுக் கண்ணோடு நுழைந்து பாருங்கள். முகப்பில் தேக்குத் தூண்கள், ஆள் உயரக் கண்ணாடி, சுவரில் வரிசையாகத் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் முறைத்துப் பார்க்கிற படங்கள். வளவு முற்றத்தைச் சுற்றிலும் பூட்டிய கதவுகள். இரண்டாம் கட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். அந்தப் பிள்ளை வளர்வது கார்ப்பெட் போட்ட, எல்லா அறையிலும் வெளிச்சம் இருக்கிற வீட்டில். உங்கள் வீட்டுக்கு ஒப்பாகச் சொல்ல அவளுக்குத் தெரிந்த பெரிய வீடு அது ஒன்றுதான். எனக்கென்னவோ அவள் புகழ்ந்திருக்கிறாள் என்றுதான் படுகிறது. காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கிறதே, அந்த 999 பேய்களையும் இங்கே குடிவைத்து ஆளுக்கு ஒரு ஜன்னல் கொடுத்தாலும் ஒன்று மிச்சம் என்று நீங்கள் அன்றைக்கே திருப்பிச் சொல்லியிருந்தால், ராத்திரி தூங்காமல் யோசித்துக்கொண்டு கிடந்தது அவளாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், முத்துக்காடு தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். உங்கள் பேத்தி இலவசமாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அப்புறம் அந்த "உங்களுக்குப் புரியாது". இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முக்கால்வாசி சோம்பேறித்தனம்தான். 2019 மே மாதம் இணையத்தில் நேசமணி, நேசமணி என்று ஒரே ரகளை நடந்ததே, நினைவிருக்கிறதா? 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நேசமணி என்கிற கான்ட்ராக்டராக வந்து தலையில் சுத்தியல் அடி வாங்குவார். பதினெட்டு வருஷம் கழித்து யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட, ஊரே அவர் உடல்நலம் தேற வேண்டிக்கொண்டது. யார் இந்த நேசமணி என்று ஒரு வடநாட்டுக்காரர் அன்று உங்களிடம் கேட்டிருந்தால் எப்படி விளக்கியிருப்பீர்கள்? படத்தைச் சொல்லி, வடிவேலுவைச் சொல்லி, அந்த முழியைச் சொல்லி... பாதி வழியில் "விடுங்க, உங்களுக்குப் புரியாது" என்றுதான் முடித்திருப்பீர்கள். நம் கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிப் பேச்சு வடிவேலு வசனம்தானே. அமெரிக்க டிவியில் அந்த வேலையைக் குடும்பப் படங்களும் தீம் பார்க்குகளும் பார்க்கின்றன. எல்லாரும் சின்ன வயதில் பார்த்தது, எல்லாரும் ஒரு தடவையாவது போனது அல்லது போக ஆசைப்பட்டது.

நீங்கள் சொல்கிற மஞ்சள் குடும்பம் 'தி சிம்ப்ஸன்ஸ்'. பொம்மைகள் அடிக்க வருகிற அந்த எபிசோடு 1994-இல் வந்தது. உங்கள் பேரன் சொன்ன "வேற ஒரு மூவி" உண்மையில் இரண்டு. 1973-இல் 'வெஸ்ட்வேர்ல்டு' என்று ஒரு படம். பார்க்கில் விருந்தாளிகளோடு விளையாட வைத்திருக்கிற எந்திர மனிதர்கள் புத்தி கெட்டு விருந்தாளிகளையே கொல்லக் கிளம்பும். அதை எழுதி இயக்கிய மைக்கேல் கிரைட்டன்தான் பிறகு 'ஜுராசிக் பார்க்' நாவலையும் எழுதினார். எந்திரம் இருந்த இடத்தில் டைனோசர், மற்றபடி அதே பார்க், அதே ஓட்டம். அது 1993-இல் படமாக வந்தது. மறு வருஷமே சிம்ப்ஸன்ஸ்காரர்கள் இரண்டையும் சேர்த்து டிஸ்னிலாந்து மாதிரி ஒரு பார்க்குக்குள் போட்டுக் கிண்டல் செய்துவிட்டார்கள். பேத்தி பொம்மை அடிப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பாள். பேரன் டைனோசர் படம் தெரிந்து சிரித்திருப்பான். உங்கள் மகன் அந்த ஹாலில் இருந்திருந்தால், இருக்கிற காசையெல்லாம் பார்க்கில் கரைத்துவிட்டு நிற்கிற அப்பாவைப் பார்த்துச் சிரித்திருப்பார். ஒரே காட்சிக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சிரிக்கிறார்கள், நீங்கள் நான்காவதாக உட்கார இடம் இல்லாமல் போகாது.

(ஒன்பது வயதுக்கு அந்தத் தொடர் கொஞ்சம் அதிகம்தான். அதை மருமகளிடம் தனியாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.)

ஒன்று மட்டும் செய்யாதீர்கள், புரிந்த மாதிரி சிரிக்காதீர்கள். நான் செய்து மாட்டிக்கொண்டவன். என் அக்கா மகன் போனில் ஏதோ காட்டினான், நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். "எதுக்கு மாமா சிரிச்சீங்க?" என்றான். நான் விழித்த விழி இருக்கிறதே, அதை இன்றைக்கும் வீட்டில் நடித்துக் காட்டுகிறான். அதற்குப் பதிலாக, "எந்தப் படம்? கதை சொல்லு" என்று கேளுங்கள். ஜோக்கை விளக்கினால் ஜோக் செத்துப்போகும், சரிதான். ஆனால் விளக்குகிற பிள்ளைக்கு வாத்தியார் ஆன மாதிரி ஒரு கம்பீரம் வந்துவிடும், பணியாரம் சாப்பிடக் கூப்பிட்டால் உடனே வருவான். எல்லாப் படங்களையும் நீங்கள் பார்க்க வேண்டியதே இல்லை. ஒன்றே ஒன்று போதும், அதையும் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

'குழந்தையும் தெய்வமும்', 1965. உங்களுக்கு அப்போது பத்து, பதினோரு வயது இருக்கும். பிரிந்துபோன அப்பா அம்மாவை இரட்டைப் பெண்கள் இடம் மாறிச் சேர்த்துவைக்கிற கதை, குட்டி பத்மினி இரண்டு வேடம். அது டிஸ்னியின் 1961 படமான 'தி பேரன்ட் ட்ராப்' கதை. டிஸ்னிக்கு அது எரிக் கெஸ்ட்னர் என்கிற ஜெர்மன் எழுத்தாளர் 1949-இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. டிஸ்னியே 1998-இல் மறுபடி எடுத்தது, உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் படம்தான் தெரிந்திருக்கும். இரட்டையர் இடம் மாறுகிற காட்சி எந்தத் தொடரில் வந்தாலும் அதைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். தமிழில் எடுத்தவர் யார்? நம் காரைக்குடி ஏவி. மெய்யப்பச் செட்டியார். அதற்குப் பல வருஷம் முன்னால் ஏவிஎம் ஸ்டுடியோ கோடம்பாக்கத்தில் இல்லை, தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அடுத்த முறை பிள்ளைகளைக் காரில் கூட்டிக்கொண்டு காரைக்குடி போகும்போது ரஸ்தா பக்கம் நிறுத்தி, "இங்கேதாண்டா சினிமா எடுத்தார்கள்" என்று சொல்லுங்கள். படத்தையும் ஒரு நாள் போட்டுக் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தப் படத்தில் குடும்பத்தைப் பிரித்து வைப்பதே பாட்டிதான். பேத்தி சும்மா விடமாட்டாள்.

டிஸ்னி வேர்ல்டுக்கு வருவோம். இதில் பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. டிவியும் அந்தப் பார்க்கும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை. வால்ட் டிஸ்னிக்குப் பார்க் கட்டப் பணம் போதவில்லை. ஏபிசி என்கிற டிவி நிறுவனம் பணம் போட்டது, பதிலுக்கு அவர் வாரம் ஒரு நிகழ்ச்சி செய்துகொடுத்தார். நிகழ்ச்சிக்கே 'டிஸ்னிலாந்து' என்றுதான் பெயர். நிகழ்ச்சி 1954 அக்டோபரில் தொடங்கியது, பார்க் திறந்தது 1955 ஜூலையில். அதாவது வாசல் திறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பிருந்தே வீடு வீடாக டிவியில் ஆசை காட்டியாகிவிட்டது. பிறகு சீரியல் குடும்பங்களே அங்கே டூர் போக ஆரம்பித்தன. 1993-இல் 'ஃபுல் ஹவுஸ்' குடும்பம் ஃப்ளோரிடா போனது, அதற்கு இரண்டு எபிசோடு. 1996-இல் டிஸ்னி அந்த ஏபிசியையே வாங்கிவிட்டது. பார்க்கைக் கிண்டல் செய்த சிம்ப்ஸன்ஸ் மட்டும் தப்பித்ததா? அதன் பெயரிலேயே 2008-இல் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் ஒரு ரைடு வந்தது, 2019-இல் தொடரும் டிஸ்னி கைக்குப் போய்விட்டது. சினிமாக்காரர் பார்க் கட்டுவது நமக்கும் புதிதில்லை. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன்தான் இந்தியாவின் முதல் 3டி படமான 'மைடியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர். இத்தனை பேர் இத்தனை வருஷமாகக் கூப்பிடுகிற இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அது அப்பத்தாவை வேண்டாம் என்று சொல்வதாகாது.

ஆனால் மகனிடம் வருத்தத்தைச் சொல்லாமல் இருக்காதீர்கள். நோன்பு ஒரு நாள்தான். டூரை நாலு நாள் முன்னே பின்னே தள்ள முடியுமா என்று நேராகக் கேளுங்கள். முடியாது என்றால் முடியாது, அங்கேயே கும்பிடட்டும். அங்கே நகரத்தார் கூடி நோன்பு கும்பிடுகிறார்களே. நீங்கள் இழைக்கு நூலையும் மாவையும் பக்குவமாகக் கட்டி முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும்போது பேத்தியிடம் ஒரு தடவை விவரமாகப் பேசுங்கள். கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 நூல், அதைத் திரியாக்கி, இனிப்பு மாவில் பிள்ளையார் பிடித்து வைத்து, நெய்யில் ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம், அதுதான் இழை என்று சொல்லுங்கள். நெருப்பை விழுங்குகிற ரைடு எந்தப் பார்க்கில் இருக்கிறது? வகுப்பில் போய்ச் சொன்னால் ஒரு பயல் நம்பமாட்டான். அப்போது அவள் சொல்வாள் பாருங்கள், "உங்களுக்குப் புரியாது" என்று.

அடுத்த ஜூலையில் வரும்போது ஒரு ராத்திரி வீட்டு விளக்கையெல்லாம் நீங்களே அணைத்துவிடுங்கள். டார்ச் பேத்தி கையில், சாவிக்கொத்து உங்கள் கையில். வளவைச் சுற்றி ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டுங்கள். யார் அறை, பெட்டகத்தில் என்ன இருந்தது, ரங்கூனிலிருந்து எது வந்தது, சுவரில் முறைக்கிற பெரியவர் எதற்காக முறைக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போங்கள். பேரன் வரமாட்டேன் என்பான். இரண்டாவது கதவு திறப்பதற்குள் பின்னால் வந்து நிற்பான்.

வவ்வால் இருக்கிற அறையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.