24 மணி நேரக் கார் பந்தயத்தை நேரில் போய்ப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? நண்பர்களோடு போனால்தான் நன்றாக இருக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் பாதிப் பந்தயம்கூடத் தேறாது.

எனக்குக் காரைக்குடி. எங்கள் பக்கம் பந்தயம் என்றால் மாட்டு வண்டிதான். கோயில் திருவிழா, பொங்கல் என்று எதையாவது சாக்கு வைத்து சிவகங்கை, புதுக்கோட்டைச் சாலைகளில் எல்கைப் பந்தயம் நடந்துகொண்டே இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பெரிதிலிருந்து சிறிதாகப் பிரித்து ஒவ்வொன்றாக விடுவார்கள். ரோட்டோரம் நிற்பவனுக்கு வண்டி போகும்போது ஒரு தரிசனம், எல்கையைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு தரிசனம், அவ்வளவுதான். நடுவில் எந்தச் சாரதி எங்கே முந்தினார், எந்த மாடு எங்கே மிரண்டது என்பதெல்லாம் பைக்கில் பின்னாலேயே போய்வந்தவன் சொன்னால்தான் தெரியும். நெடுநேரக் கார் பந்தயமும் ஏறக்குறைய அப்படித்தான். என்ன, இங்கே பெரிய மாடும் பூஞ்சிட்டும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடும்.

இது புரிந்தால்தான் மற்றது புரியும். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரைச் சிலர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், 24 மணி நேரத்தில் அதிகச் சுற்று போன கார் ஜெயிக்கும். வேகமான ஜிடி3 ரேஸ் கார்கள், போர்ஷே நிறுவனத்தின் கப் ரேஸ் கார்கள், அவற்றைவிட மெதுவான ஜிடி4, அதற்கும் கீழே நாம் ரோட்டில் பார்க்கிற மாதிரியான டூரிங் கார்கள், எல்லாம் கலந்து ஓடும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக முதல் பரிசு. வேகமான கார் மெதுவான கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்துதான் போக வேண்டும். அதனால் உங்கள் கண் முன்னால் முதலில் போகிற கார் பல நேரம் முதலிடத்தில் இருக்கிற காராக இருக்காது. ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர். கேலரியில் உட்கார்ந்தால் அதில் ஒரு பகுதிதான் தெரியும். ஒருவனே எல்லாவற்றையும் பின்தொடர்வது நடக்காத காரியம்.

ஆகவே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் செல்போனில், யார் எந்த இடத்தில் என்று காட்டும் டைமிங் பக்கத்தை விட்டு நகரமாட்டான். இன்னொருவன் போர்ஷே பிரிவை மட்டும் பார்ப்பான். கால் வலிமை உள்ளவன் வேறு வளைவுக்கு நடந்துபோய் அங்கிருந்து போன் போடுவான். "மாப்ளே, நம்ம வண்டி பிட்டுக்குள்ள போகுதுடா, முன்பக்கம் ஏதோ தொங்குது, அங்கேருந்து தெரியுதா?" என்று அவன் கத்துவது (பிட் என்றால் டயர் மாற்ற, பழுது பார்க்கக் கார் ஒதுங்கும் இடம்) பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். அவரும் எட்டிப் பார்ப்பார். அப்புறம் அவரும் நம் கூட்டம்தான்.

2025 ஜனவரியில் துபாயில் இது இன்னும் பெரிதாக நடந்தது. அஜித் குமார் சொந்தமாக அணி தொடங்கி வந்திருந்ததால் கேலரியில் எங்கே திரும்பினாலும் தமிழ். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் எங்கள் பங்காளி ஒருவன் அறையில்தான் மூட்டையை இறக்கினோம். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு தன் அணியின் 901 எண் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டார். அதை மற்ற ஓட்டுநர்கள் ஓட்ட, அவர் வேறொரு அணியின் போர்ஷே கேமன் காரில் ஏறினார். 901 கார் 992 என்ற போர்ஷே பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஒட்டுமொத்தமாக ஜெயித்தது ஒரு பி.எம்.டபிள்யூ. எங்கள் வரிசையில் அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு.

சினிமா ரசிகர்கள் வந்து பந்தயத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று சில பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதியம் வந்து உட்கார்ந்தபோது "தல எந்த வண்டிண்ணே?" என்று மட்டும் கேட்ட பையன்கள், ராத்திரிக்குள் கோட் 60 பற்றி வாதம் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். பந்தயம் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருந்தால் அது நடந்திருக்காது. பக்கத்து ஆளிடம் கேட்க, அவர் நிதானமாகச் சொல்ல, இரண்டு பேருக்கும் நேரம் இருந்தது.

கோட் 60 என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், அதுதான் இந்தப் பந்தயத்தின் ருசி. பாதையில் விபத்து நடந்தால் ஊதா நிறக் கொடி காட்டுவார்கள். உடனே எல்லாக் காரும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். முந்தக் கூடாது. துபாயில் பெட்ரோல் நிரப்புவது அந்தந்த அணியின் கொட்டகை முன்னால் நடக்காது. எல்லா அணிக்கும் பொதுவாக ஒரு பங்க் வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அங்கேதான் வர வேண்டும். மற்றவர்கள் 60-இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் நஷ்டம் குறைவு. எனவே ஊதாக் கொடி விழுந்ததும் பங்கில் கூட்டம் அம்மும். வரிசையில் மாட்டிக்கொண்டால் சம்பாதித்ததெல்லாம் போச்சு. உள்ளே போவதா, இன்னும் ஒரு சுற்று பொறுப்பதா? அணிக்காரர்கள் ரேடியோவில் முடிவு செய்வதற்குள் கேலரியில் நாங்கள் முடிவு செய்திருப்போம், அதுவும் ஆளுக்கொன்றாக. டிவியில் வர்ணனையாளர் இதை விளக்கிவிடுவார். நேரில் நீங்களே மூளையைக் கசக்க வேண்டும். சண்டையும் அங்கேதான் வரும், சிரிப்பும் அங்கேதான் வரும்.

ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜனவரியில் துபாயில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பந்தயத்தில் பாதிக்கு மேல் இருட்டில்தான். காரின் உருவம் மறைந்துவிடும், விளக்கும் சத்தமும் மட்டும் மிஞ்சும். நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்துக்குள் இருக்கும் வட்டத்தகடு செக்கச் சிவந்து பளிச்சிடும், கார் திரும்பியதும் மங்கிவிடும். கேமராவில் பிடித்துப் பார்த்தேன், பாதிகூட வரவில்லை. கொஞ்ச நேரம் போனால் சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்ல வந்துவிடும். போர்ஷே உலோகத்தைக் கிழிக்கிற மாதிரி அலறும். சில ஜிடி3 கார்கள் அடித்தொண்டையில் உறுமும். எங்களில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்ல ஆரம்பித்தான். பத்தில் ஏழு சரி என்று அவன் சொல்வான், எங்கள் கணக்கு வேறு.

அப்புறம் குளிர். பாலைவனம் பகலில் சுடுமே என்று அரைக்கைச் சட்டையோடு போனவர்கள் நடு இரவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தா கட்டிக் கொடுத்த மாவுருண்டையும் சீப்புச் சீடையும் அப்போதுதான் வெளியே வந்தன. மாவுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவன் சட்டையெல்லாம் மாவு, தெரியும்தானே. முன் வரிசையில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் சீடையை வாங்கிக்கொண்டு எங்களுக்குக் காபி கொடுத்தது. அவர்களுக்கு எந்தக் கார் பிடிக்கும் என்று விடியும்வரை கேட்கத் தோன்றவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, முக்கியமாக நம் பக்கத்து ஆட்களுக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். செட்டிநாட்டுச் சமையலறையில் அது சாதாரணம், குருமாவில் போடுவோம், மசாலாப் பொடியிலும் இருக்கும். பாசத்தில் வீட்டில் பொட்டலம் கட்டித் தந்தால் பிரித்துப் பார்த்து, கசகசா கலந்தது எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விளையாட்டில்லை, ஜெயில் வரைக்கும் போகும்.

சலிப்பு வராதா என்று கேட்டால், வரும். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. கார்கள் சுற்றும், நீங்கள் பார்ப்பீர்கள். ஒரே ஒரு காரைக் குறிவைத்து, அதன் ஓட்டுநர் மாறியிருக்கிறாரா என்று ஓட்டும் விதத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால் பொழுது போகும். இல்லையென்றால் முறை வைத்துத் தூங்குங்கள். ஒருவன் விழித்திருந்து மற்றவனை எழுப்பி "அந்த ஆஸ்டன் மார்ட்டின் கார் முந்திப் போயிருச்சுடா" என்று சேதி சொல்வது, என்னைக் கேட்டால், முந்துவதை நேரில் பார்ப்பதைவிட நன்றாக இருக்கும். வேலைக் கதை, வீட்டுக் கடன், கல்யாணமாகிப் பேச்சே அற்றுப்போன பழைய சிநேகிதன் என்று பகலில் எடுக்க முடியாத பேச்செல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். கண் பாதையில் இருப்பதால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, அதனால்கூட இருக்கலாம்.

கடைசி மணி நேரம் வேறு மாதிரி. 24 மணி நேரம் ஓடிய பிறகு வித்தியாசம் சில நொடியில் நிற்பது இந்த விளையாட்டில் உண்டு. 2011-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலில் வந்த ஆடி (Audi) காருக்கும் இரண்டாவது வந்த பெஜோ காருக்கும் இடையில் 14 நொடிகூட இல்லை. 2016 இன்னும் கொடுமை. முன்னணியில் இருந்த டொயோட்டா, சக்தி இழந்து, முடிய நாலு நிமிஷம்கூட இல்லாதபோது மெயின் கேலரிக்கு நேர் எதிரே நின்றேவிட்டது. பின்னால் வந்த போர்ஷே ஜெயித்தது. டொயோட்டா ஊர்ந்து ஊர்ந்து ஒருவழியாகக் கோட்டைக் கடந்தும், கடைசிச் சுற்றுக்குக் கொடுத்த 6 நிமிஷம் தாண்டிவிட்டதால் முடிவுப் பட்டியலிலேயே இடம் இல்லை. லெ மானில் முதல் வெற்றியைப் பார்க்க அவர்கள் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லெ மானுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. 1923-இல் தொடங்கிய பந்தயம், ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், ஜூன் மாதம், சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் 4 மணிக்கு முடியும். நமக்கு அது ராத்திரி ஏழரை. ஊரில் ஒரு நண்பன் வீட்டு முகப்பில் ஜமக்காளத்தை விரித்து, லேப்டாப்பை டிவியில் மாட்டிப் பார்ப்போம். அந்த வீட்டுப் பெரியவர் நடுவில் எழுந்து வந்து "இன்னமுமா ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போவார், காலையில் வந்து அதையே கேட்பார். நம் ஊர் ஆட்களுக்கும் அங்கே கணக்கு உண்டு. கோவை நரேன் கார்த்திகேயன் 2009-இல் ஆடி காரில் ஓட்ட வேண்டியவர், பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவி, ஓட்டாமலே திரும்பினார். சென்னை கருண் சந்தோக் 2012-இல் ஓட்டினார், அவர் கார் ஒட்டுமொத்தமாக ஆறாவது வந்தது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் இன்னொரு கனவு. ஒரு சுற்றே 25 கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள். ரசிகர்கள் பல நாள் முன்பே வந்து கூடாரம் போட்டு, சாரம் கட்டி, அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே போனால் எங்கள் சமையல் பார்ட்டிக்கு வேலை இருக்கும்.

யாரைக் கூட்டிப்போவது? நாலு பேர் சரியான அளவு, ஒரே காரில் அடங்கிவிடலாம். அதில் ஒருவருக்குக் கார் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பது நல்லது. அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் நமக்கே எது தெரியாது என்று தெரியும். எல்லாரும் கரை கண்டவர்களாக இருந்தால் ஆளுக்கொரு செல்போனில் மூழ்கிவிடுவார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்று இருப்பவரை வற்புறுத்தாதீர்கள், மூன்றாவது மணியிலேயே "கிளம்புவோமா?" என்பார்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம், பவர் பேங்க் கட்டாயம், நடக்கத் தோதான செருப்பு, குளிருக்கு ஒரு சால்வை. மற்றதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை நேரம் தாங்குமா என்று சந்தேகம் இருந்தால், முதலில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குப் போய்ப் பாருங்கள். காரைக்குடியில் விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் சென்னை, மறுநாள் காலை பூந்தமல்லி வழியாகப் போய்விடலாம். 3.7 கிலோமீட்டர் பாதை, குட்டிக் குட்டிப் பந்தயங்கள்தான், ஆனால் சத்தமும் டயர் வாசனையும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தது மலேசியாவில் சேப்பாங் பந்தயப் பாதை. ஆசிய லெ மான் தொடரின் 4 மணி நேரப் பந்தயங்கள் டிசம்பரில் அங்கே நடந்திருக்கின்றன. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, பாதை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. நம் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சொந்தமாவது இருக்கும், தங்கும் செலவும் மிச்சம். மதியத்தில் மழை கொட்டும், குடையை மறக்காதீர்கள்.